கொடியில்லாச் சுறா

என் மகனுடைய மூத்த பிள்ளை பிறந்து நாலைந்து நாளாகியும் மருமகளுக்குப் பால் இறங்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடவேண்டும். ஆழக்கடலில் கிடக்கிற ஒரு சுறாவைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் ஏன் பிள்ளைப்பேற்றில் தொடங்குகிறாள் என்று கேட்கவேண்டாம். அந்தச் சுறாவின் வயிற்றுக்குள் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அந்தப் பிள்ளையின் வாய்க்காகத்தான்.

இப்போதென்றால் கடைக்கு ஓடிப் பால்மாப் பெட்டி வாங்கி வருவார்கள். அப்போது சண்டைக்காலம். வவுனியாவுக்கு அங்கால் எல்லாம் இருந்தது, இங்கால் தடை, ஒன்றும் வராது. யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலி கடந்து வன்னிக்குள் வந்து சேர்ந்து ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகியிருந்தது. மண்ணெண்ணெய் போத்தல் கண்ணால் காண முடியாத விலை. பால்மா என்று கடைக்காரரிடம் கேட்டால், வெள்ளையாக வேறு என்ன வேண்டும், சுண்ணாம்பு தரட்டோ என்று பகிடி விடுவார்.

பேத்தி பிறந்தபோது ஓலை அதிர அழுதாள். மூன்றாம் நாள் அந்த அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு அழுகிறதற்கே சோம்பல்பட்டவள்போலக் கிடந்தாள். உச்சிக்குழியில் விரல் வைத்தால் சின்னக் கிண்ணம்போல் பதிந்திருந்தது. அந்தக் குழியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்ததாக ஒருவரும் மற்றவருக்குச் சொல்லவில்லை.

பிள்ளைப்பேற்றுக்கென்று தர்மபுரத்தில் இருந்து சம்பந்தி வந்து நின்றா. மருமகளின் தாய். அவர்கள் வயல்காரர், சைவ சமயம். நாங்கள் முல்லைத்தீவுக் கரை, வேதக்காரர், கிறிஸ்தவர். பிள்ளைகள் தாங்களாக விரும்பிக் கட்டினது. நானும் அவாவும் ஒருவரையொருவர் மச்சாள் என்று கூப்பிடுவோம், ஆனால் அந்தச் சொல்லில் இனிப்பு இல்லை. அன்று காலை அவா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னா:

“கடல் முழுக்கத் தங்கட எண்டு கதைக்கிற ஆக்கள், பிள்ளைப் பெத்தவளுக்கு ஒரு சுறா பிடிச்சுக் குடுக்க ஏலேல்லை.”

“உங்கட பசுவைக் கொண்டுவந்து கடலுக்க இறக்குங்கோ மச்சாள். அது நீந்திப் போய்ப் பிடிச்சுக்கொண்டு வரும்.”

“பசு நீந்தாது. ஆனா பால் குடுக்கும். நாளைக்கு விடிய நான் இதுகள் ரெண்டையும் ஏத்திக்கொண்டு தர்மபுரம் போறன். பசுப்பாலைத் தண்ணி விட்டுக் காய்ச்சிப் பருக்குவன்.”

ஏற்றிக்கொண்டு என்று அவா சொன்னது சைக்கிளில். முல்லைத்தீவுக் கரையிலிருந்து தர்மபுரத்துக்கு அந்த வெயிலில், மேலே என்ன வரும் என்று தெரியாத றோட்டில், தையல் ஆறாத உடம்போடு மருமகளும் உச்சி பதிந்த பிள்ளையும். அவா சும்மா வாய்க்குச் சொல்லவில்லை, என் மகனிடம் சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொல்லிவிட்டா. அடுத்த நாள் விடியுமுன் பால் இறங்கவேண்டும். இல்லாவிட்டால் இருவரும் றோட்டில்.

சுறா என்று நாங்கள் காத்திருந்தது வீண் நம்பிக்கையில் இல்லை. எங்கள் கரையில் பிள்ளைப் பெற்றவளுக்குப் பால்சுறா கொடுப்பது கர்த்தர் கற்பித்ததுபோல. முழங்கையளவு நீளம், சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு. அவித்து, முள் எடுத்து, உதிர்த்து, மிளகும் சீரகமும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுத்துக் கொடுத்தால் மார்பு கட்டிவரும். எல்லாச் சுறாவும் இதற்கு உதவாது. பெண் சுறாவின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் குட்டிகள் கிடக்கும். பால்சுறாக் குட்டி ஒவ்வொன்றும் மனிசப்பிள்ளைபோலக் கொப்பூழ்க்கொடியில் தொங்கும். கொடியின் மற்ற முனையில் நச்சுக்கொடியும் இருக்கும். தாய் தின்றது கொடி வழியே குட்டிக்குப் போகிற சாதி. கொடி இருந்தால் பிள்ளைப் பெற்றவளுக்கு ஆகும், கொடி இல்லாவிட்டால் ஆகாது. இது எங்கள் கரைப் பெண்களின் கணக்கு. வயல்காரருக்கு மீனின் பெயர்தான் தெரியும். எங்களுக்கு அதன் வயிறு தெரியும்.

ஆனால் அந்த வருஷம் பால்சுறா கிடைக்கவில்லை. கடலில் நேவி நின்றது, கரை கண்ணுக்கு மறைகிற தூரம் படகு போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. கரைவலை மட்டும் இழுத்தோம். கரைவலையில் சூடை, காரல் என்று பொடிமீன் வரும், சுறா எப்போதாவது.

அதே நாள் காலை கடலில் அங்கால் வெடிச் சத்தம் கேட்டு வலை வளைக்கப் பிந்திவிட்டது. வெயில் ஏறின பிறகுதான் இழுத்தார்கள். நான் குசினியில் மல்லித்தண்ணி வைத்துக்கொண்டு வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நடுவில் நின்றது. எங்கள் கரையில் பாட்டு நடுவில் நின்றால் ஒன்றில் வலை கிழிந்திருக்கவேண்டும், ஒன்றில் மடிக்குள் பிணம் வந்திருக்கவேண்டும். நான் சட்டியை இறக்கிவிட்டு ஓடினேன்.

பிணமில்லை. வலையின் மடி மணலில் கிடந்தது. அதற்குள் சூடை மீன் வெள்ளியாகத் துடிக்க, நடுவில் கரிச்சட்டிபோலக் கறுத்த ஒன்று கிடந்தது. என்னைப்போல ஒன்றரை ஆள் நீளம். துடிக்கவில்லை. செவுள் மட்டும் ஆறுதலாகத் திறந்து மூடியது. உடம்பு முழுக்க முள். திருக்கை முள் மாதிரி வாலில் ஒன்றல்ல. ரோசாச் செடியின் முள்போலக் கண்டபாட்டுக்கு முளைத்திருந்தது, ஒரு இடத்தில் நெருக்கமாக, ஒரு இடத்தில் ஐதாக. மேலே வழுவழுவென்று சளி. அந்தச் சளியின் மணம் எப்படியென்று எழுதினால் இதை வாசிக்கிற நீங்கள் இன்றைக்குச் சாப்பிடமாட்டீர்கள்.

பெடியன்கள் தள்ளி நின்றார்கள். சம்மாட்டி, வலையின் சொந்தக்காரர், அறுபது வயது மனிதர், அவரே முதலில் கிட்டப் போகவில்லை. தடியால் வயிற்றில் ஊன்றினார். வயிற்றின் அடியில் இருக்கிற துவாரத்தால் வெள்ளையாக ஏதோ வடிந்தது. கொஞ்சமில்லை, நல்லாக வடிந்து மணலில் ஓடியது.

“பால்!” என்று யாரோ ஒருவன் கத்தினான்.

“பால்சுறா! பால்சுறாவின்ர தாயடா இது!”

அவ்வளவுதான். அந்த ஒரு சொல் கரை முழுக்க ஓடிவிட்டது. சனம் சுளகோடும் சட்டியோடும் வந்தது. ஊரில் அப்போது பால் கொடுக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேராவது இருந்திருப்பார்கள். எல்லாருக்கும் பால்தானே குறை. அந்தக் கூட்டத்தின் பின்னால் சம்பந்தியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றா. கடற்கரை மணலில் கால் வைக்க அருவருக்கிற மனிசி.

சம்மாட்டி என்னைக் கண்டதும், “அக்கா, வாங்கோ. உங்கட கைதான் வேணும். உங்கட வீட்டுப் பங்குதான் முதல்,” என்றார்.

சுறா கிழிக்க என்னைக் கேளாமல் எங்கள் கரையில் ஒருவரும் கத்தி எடுப்பதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன், சொல்லக்கூடாதென்று சட்டமா? கத்தியை வாங்கினேன்.  பால்சுறா என்று அந்தச் சனம் சொன்னது உண்மையாக இருக்கவேண்டுமென்று எனக்கும் ஆசைதான்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து எங்கள் வளவில் கொட்டில் போட்டிருந்த ஒரு டீச்சர், அவாவும் சூடை வாங்க வந்து நின்றா. பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்தவா. மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் குந்தினா. முகத்தில் வெறுப்பில்லை. பொம்மைக் கடைக்குள் விட்ட பிள்ளையின் முகம்.

தோலில் கத்தி இறங்கவில்லை. முள் ஒவ்வொன்றின் அடியிலும் சட்டைப் பொத்தான்போல ஒரு தட்டு இருந்தது. சில இடத்தில் இரண்டு மூன்று தட்டு ஒட்டி ஒன்றாகியிருந்தது. நான் முள் இல்லாத இடம் தேடி அடிவயிற்றுப் பக்கம் போனேன். போகிற வழியெல்லாம் என் கண் அதன் உடம்பை எடைபோட்டது. ஓடுகிற சுறாவுக்கு முதுகின் நடுவில் செட்டை நிமிர்ந்து நிற்கும். இதற்கு இரண்டு செட்டையும் சின்னன், இரண்டும் வாலுக்குக் கிட்டப் போய் ஒதுங்கிக்கொண்டு நின்றன. வாலுக்கு அடியில் இருக்கவேண்டிய செட்டை இல்லவே இல்லை. இது ஓடிப் பிடித்துத் தின்கிற ஆளில்லை என்று நினைத்தேன். கடைசிச் செவுள் மற்ற நாலையும்விட அகலம். கண் பச்சை, போத்தலின் அடிபோல.

“கண்ணைப் பாருங்கோ அம்மா,” என்றா டீச்சர். “வெளிச்சம் போகாத ஆழத்தில இருக்கிற சீவன். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பூனைக்கண் மாதிரித் திருப்பிப் பிடிக்கும்.”

“அப்ப இஞ்ச என்னத்துக்கு வந்தது?”

“தெரியாது அம்மா. வருத்தமோ, குட்டி போடவோ. இதை உயிரோட கண்ட ஆக்களே குறைவு. எங்க குட்டி போடுது, எவ்வளவு நாள் சுமக்குது, ஒருத்தருக்கும் தெரியாது.”

படித்த ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது குறைவு. அன்றிலிருந்து அவாவை எனக்குப் பிடித்தது.

வயிறு திறந்தது. ஈரல் தானாக வெளியே வழிந்தது. இரண்டு மடல், வயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, வெளிறின மஞ்சள். கை வைத்த இடமெல்லாம் எண்ணெய்.

“காத்துப்பை இல்லை இதுக்கு,” என்றா டீச்சர். “மற்ற மீனுக்குக் காத்து. இதுக்கு எண்ணெய்தான் மிதவை. அதால நீந்தாமலே அந்தரத்தில நிக்க ஏலும்.”

சம்மாட்டி ஈரலுக்கு வாளி கொண்டுவந்தார். விளக்கெரிக்கவும் படகுக்குப் பூசவும் ஆகும் என்றார். சனமும் போத்தல் நீட்டியது. தேங்காயெண்ணெய் விற்ற விலையில் யார்தான் விடுவார்கள்.

இரைப்பையைக் கிழித்தேன். நண்டு, கணவாய், ஒரு சின்ன விலாங்கு. ஒன்றிலும் பல்லுப்பட்ட அடையாளம் இல்லை. வாயைத் திறந்து பார்த்தேன். மேலும் கீழும் ஒரே மாதிரிப் பல், சாய்ந்து சாய்ந்து. வாய் சின்னன், ஆனால் தொண்டை வாளிபோல அகலம். கிட்ட வருகிறதை ஒரே இழுவையாக உறிஞ்சி விழுங்குகிறது. இருட்டுக்குள் அசையாமல் கிடந்து, வாய்க்கு முன்னால் வரும்வரை பொறுத்திருக்கிற சாதி.

பிறகு கர்ப்பப்பை. இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறினேன். முதலில் அந்த வெள்ளைத் தண்ணி பீறி வந்தது. சனம் ஆ என்றது. அதற்குப் பிறகு குட்டிகள். ஒன்றிரண்டில்லை, கொத்துக் கொத்தாக. என் கை அளவு, முள் இன்னும் முளைக்காத பச்சைத் தோல்.

கொடியைத் தேடினேன். ஒரு குட்டியைத் தூக்கினேன். வயிற்றில் இருந்து ஒரு சின்னக் காம்பு இறங்கியது.  காம்பின் முனையில் நச்சுக்கொடி இல்லை. கோழிமுட்டையின் மஞ்சள்கருபோல ஒரு பொட்டலம் தொங்கியது. தாயோடு ஒட்டவில்லை. அடுத்த குட்டிக்கும் அப்படி. அதற்கடுத்ததுக்கும் அப்படி. ஒவ்வொன்றும் தன் சாப்பாட்டைத் தானே வயிற்றில் கட்டிக்கொண்டு கிடந்தது. தூரப்பயணம் போகிற பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, இனி உன்பாடு என்று சொல்கிற தாய். இது ஊட்டுகிற தாயில்லை.

நான் எழும்பி நின்றேன்.

“இது பால்சுறா இல்லை,” என்றேன்.

சம்மாட்டி சிரித்தார். “அக்கா, பால் உங்கட காலில ஓடுது. இதைவிட என்ன சாட்சி?”

“பால் எண்டா குடிச்சுப் பாருங்கோவன். உது பாலில்லை, குட்டி கிடக்கிற தண்ணி. கொடி இல்லை. நாலு குட்டி பாத்திட்டன். ஒண்டுக்கும் கொடியில்லை.”

“கொடியாம். சனம் பசியில கிடக்குது, அக்கா கொடி பாக்கிறா.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரைப் பார்த்தேன். அவா எழும்பி, “அம்மா சொல்றது சரி. ரெண்டும் வேற வேற சாதி,” என்றா. பிறகு, என்னுடைய பக்கம் மட்டும் நிற்காமல், “ஆனா எந்தச் சுறாவைத் திண்டாலும் அதால பால் வராது அம்மா,” என்றும் சேர்த்தா. அதை அவா சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் நான் அவாவோடு வாதாடவில்லை. வேறு வேலை இருந்தது.

திரும்பிப் பார்த்தால் சம்பந்தி நின்ற இடத்தில் இல்லை.

என் மகன் வலை இழுக்கிற ஆள். எங்கள் பங்கை அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் குட்டிகளோடு மினக்கெட்ட நேரத்தில், முன்பக்கம் வெட்டின துண்டையும் ஒரு சின்னப் போத்தல் ஈரலெண்ணெயையும் சம்பந்தி வாங்கிக்கொண்டு போய்விட்டா. அவனிடம் கேட்டேன், ஏனடா கொடுத்தாய் என்று.

“மாமி கேட்டவா. நான் என்ன சொல்ல?”

“அம்மா என்ன சொல்றா எண்டு கேட்டனியோ?”

“நீங்கள் உள்ளுக்க கையை விட்டுக்கொண்டு நிண்டனியள்.”

நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த வயதில் அந்த மணலில் ஓடினேன் என்றால் பாருங்கள். பின்னால் டீச்சரும் ஓடிவந்தா. வளவுக்குள் வரும்போதே வறையின் வாசம் வந்தது. மிளகு, சீரகம், அதற்கடியில் அந்தச் சளி மணம்.

மருமகள் சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. கையில் கோப்பை. கோப்பையில் வறை. விரல் வறைக்குள் இருந்தது.

“வைச்சிடு பிள்ளை!”

அவள் விரல் நின்றது. தாய் அடுப்படியில் இருந்து அகப்பையோடு எழும்பினா.

“ஏன் வைக்கவேணும்? ஊரே திண்ணுது. உங்கட பேத்தி செத்தாலும் பரவாயில்லை, உங்கட கொடிக் கணக்குப் பிழைக்கக்கூடாது. அப்பிடித்தானே மச்சாள்?”

“கொடியில்லாததைப் பிள்ளைப் பெத்தவளுக்குக் குடுக்கக்கூடாது. எண்ணெயை வேற ஊத்தி வறுத்திருக்கிறியள். எந்த ஆழத்துச் சாமானோ. வயித்தாலை போனா இருக்கிற சொட்டும் வத்திப்போம்.”

“போகாது.”

“போகும்.”

“டீச்சர், நீங்கள் சொல்லுங்கோ, படிச்சனியள்,” என்றா சம்பந்தி.

டீச்சர் வாசலில் நின்று மூச்சு வாங்கினா. “ஆழத்துச் சுறாவின்ர ஈரலெண்ணெய் பேதியாக்கும் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். நிச்சயமாச் சொல்லத் தெரியாது. தெரியாததைப் பால் குடுக்கிற பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ.”

மருமகள் ஒரு முறை தாயைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்து நாலு சொல் சேர்ந்து சொல்லி நான் கேட்டது அந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான்.

“எனக்குப் பசிக்குது. தண்ணி விடாய்க்குது. பிள்ளை பெத்த நாளில இருந்து ஒருத்தரும் எனக்கு வயிறு நிறையச் சோறு தரேல்லை. அந்தச் சுறா வரும், இந்தச் சுறா வரும் எண்டு ரெண்டு பேரும் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்.” கோப்பையை நிலத்தில் வைத்தாள். வைத்த சத்தத்துக்குப் பிள்ளை கூடத் திடுக்கிடவில்லை. திடுக்கிடவும் தெம்பில்லை அதற்கு.

டீச்சர் உள்ளே வந்தா. “ஏன், தண்ணி குடுக்கிறேல்லையோ?”

“பிள்ளைப் பெத்தவள் தண்ணி குடிச்சா வயிறு வைக்கும்,” என்றா சம்பந்தி. “மிடறு மல்லித்தண்ணி குடுக்கிறம்.”

பத்தியம் என்றால் எங்கள் இரண்டு பகுதியிலும் அப்படித்தான். ஒரு பிடி சோறு, காய்ச்சின சரக்குத் தண்ணி ஒரு மிடறு. அதில் கரைக்கும் வயலுக்கும் சண்டையில்லை.

“வயிறு வைச்சா வைக்கட்டும். தண்ணி போனாத்தானே தண்ணி வரும்,” என்றா டீச்சர். “இந்தச் சுறா தன்ர குட்டிக்குப் பொட்டலம் கட்டிவிட்டிட்டுது. இவளுக்கு அப்பிடி ஏலாது. இவள் திண்டாத்தான் பிள்ளைக்கு. பிள்ளையை மார்பில போடுங்கோ, சீனித்தண்ணி பருக்காதேங்கோ. வருதோ வரேல்லையோ, சூப்பட்டும். சூப்பச் சூப்பத்தான் இறங்கும்.”

நான் செம்பு நிறையத் தண்ணி மொண்டு கொடுத்தேன். மருமகள் இறக்கி வைக்காமல் குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள். அந்தச் செம்பை நீட்டும்போது சம்பந்தியின் முகத்தைப் பார்த்தேன். அவா நிலத்தில் கிடந்த கோப்பையை எடுத்தா.

“எறிய மாட்டன். என்ர கையால சமைச்சதை எறிய மாட்டன். நஞ்சு எண்டுதானே சொல்றியள்? இந்தா, நான் திண்டு காட்டுறன்.”

“மச்சாள், வேண்டாம்.”

“விடிய என்னோட என்ர பிள்ளை வருவாள். அப்ப பாப்பம், யார்ர கணக்குச் சரி எண்டு.”

நின்ற நிலையில் கோப்பை முழுவதையும் தின்றா. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றா. அந்த மனிசியில் எனக்கு அப்போது கோபமும் வந்தது, ஒரு மரியாதையும் வந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

நான் சட்டி ஏற்றினேன். சாதாரணச் சூடை மீன், முருங்கையிலை, உள்ளி, மிளகு. சோறு குழையக் காய்ச்சினேன். மருமகள் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பிள்ளையை மார்பில் போட்டோம். சூப்பியது, விட்டது, சூப்பியது, தூங்கியது. பாதத்தில் சுண்டி எழுப்பினோம். திரும்பச் சூப்பியது. மார்பைப் பிதுக்கிப் பார்த்தால் பசைபோல மஞ்சளாக ஒரு பொட்டு. அவ்வளவுதான்.

விடிந்தது. சைக்கிள் வேலியில் சாய்ந்து நின்றது, காற்றடித்தபடி. ஆனால் சம்பந்தியைக் காணவில்லை. பனங்கூடலுக்குள் போயிருந்தா. திரும்பி வந்து தள்ளாடி நின்று, மறுபடி பனங்கூடலுக்குள் போனா. முகம் வெளிறி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு.  நான் கேட்க வேண்டியிருக்கவில்லை, வேலிக்கு வேலி அதே கதைதான். எண்ணெயில் பொரித்த வீட்டுக்காரர் எல்லாரும் அப்படி. அவித்து மட்டும் தின்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆக, என் கணக்குப்படி இறைச்சியும் ஆகாது, டீச்சரின் கணக்குப்படி எண்ணெய்தான் ஆகாது. அதில் அவா சொன்னதுதான் சரியாயிற்று. சம்மாட்டியும் எண்ணெயில் பொரித்துத்தான் தின்றிருந்தார். அன்றைக்கு அவர் வலைக்கு வரவில்லை.

சம்பந்திக்குத் தேயிலைச் சாயம் கடுமையாக ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தா. “வாயைத் திறந்து ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ,” என்றா.

“நான் என்ன சொன்னனான்?”

“உங்கட முகம் சொல்லுது.”

இந்த நிலையில் தர்மபுரப் பயணம் நடக்காது. எங்களுக்கு ஒரு பகல் கிடைத்தது. ஆனால் பிள்ளைக்கு எத்தனை பகல் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. உச்சிக்குழி நேற்றைப்போலவே இருந்தது. காலையில் இருந்து துணி நனையவில்லை. மருமகள் தண்ணி குடித்தாள், சாப்பிட்டாள், பிள்ளையைப் போட்டாள், எடுத்தாள். டீச்சர் கொட்டிலுக்குப் போகாமல் கூடவே இருந்தா.  மகன் சைக்கிளடியில் நின்று பெல்லை அடிக்காமல் தடவிக்கொண்டு நின்றான்.

மத்தியானம் கிபிர் விமானம் வந்தது.

முதலில் சத்தம் வராது. நாய்கள்தான் முதலில் எழும்பும். நாய் எழும்பியதும் எல்லாரும் வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இறங்கினோம். மருமகளை மகன் தூக்கி இறக்கினான், நான் பிள்ளையை வாங்கி அவள் மடியில் கொடுத்தேன். டீச்சர், நான், மகன். சம்பந்தியைக் காணவில்லை.

“அம்மா எங்க?” என்றாள் மருமகள்.

மகன் மேலே எட்டிப் பார்த்தான். பனங்கூடலுக்குள் இருந்து சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவா ஓடிவந்தா. மேலே வானம் கிழிந்தது. மகன் கையை நீட்டி இழுத்து உள்ளே போட்டான். என் மேல்தான் வந்து விழுந்தா. விழுந்தவா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டா.

“மச்சாள், எனக்குத் திரும்பவும் வருது.”

“அடக்குங்கோ.”

“ஏலாது.”

“ஏலும். மூச்சை விடாதேங்கோ.”

குண்டு எங்களுக்கு வடக்கே விழுந்தது. பங்கர்க் கூரையின் தென்னங்குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டியது. மருமகள் பிள்ளையின் தலைக்கு மேலே குனிந்து தன் முதுகில் மண்ணை வாங்கினாள். சட்டையைத் திறந்து பிள்ளையின் முகத்தை மார்போடு அழுத்திக்கொண்டாள், மண் மூக்குக்குள் போகாமல். கிபிர் ஒரு வட்டம் அடித்தது. இரண்டாம் முறை வருமா, வராதா. இரண்டாம் முறையும் வந்தது, இன்னும் தள்ளி விழுந்தது. பிறகு போய்விட்டது. போய்விட்டதென்று நம்பி ஒருவரும் அசையவில்லை. அது திரும்பி வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அந்த அசையாத நேரத்தில்தான் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். முதலில் மண் கொட்டுகிறதென்று நினைத்தேன். சம்பந்தியும் கேட்டுவிட்டா, என்னைப் பிடித்திருந்த கை இறுகியது. சூப்புகிற சத்தம் இல்லை அது. நேற்றிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. இது வேறு. குடக். கொஞ்சம் நிற்கும். குடக்.

“விழுங்குது,” என்றா டீச்சர், மெல்ல.

 மருமகளின் மற்ற மார்புப் பக்கத்துச் சட்டை நனைந்து கறுத்து வந்தது, இருட்டிலும் தெரிந்தது. மகன் எழும்பப் பார்த்தான்.

“அசையாதையடா,” என்று நானும் சம்பந்தியும் ஒரே வாயாகச் சொன்னோம். “குடிச்சு முடியட்டும்.”